திருடன் கையில் சாவி

திருடன் கையில் சாவி கொடுத்தாற்போல என்று நம் முன்னோர் எச்சரித்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு முனையை ஒட்டிய காட்டில் அந்தச் சாவியைத் தெரிந்தே கொடுத்தார்கள். காவலுக்கு ஆள் தேடும் எவரும் அறிய வேண்டிய வரலாறு அது.

கூடலூரைக் கடந்து மலையேறினால் குமுளி, அதற்கப்பால் தேக்கடி. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை அங்கே தேக்கும் நீர்தான், சுரங்க வழியே லோயர்கேம்ப்புக்கு இறங்கி, நம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களுக்குப் பாய்கிறது. காடு கேரளத்தில் இருப்பினும் அதன் காவல் நமக்கு அந்நியமன்று.

1978-இல் அது புலிகள் காப்பகமாயிற்று. ஆயினும் திருட்டு ஓயவில்லை. 'வயணா' எனப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து விற்றே பிழைத்தவர்கள் இருந்தார்கள். வழக்கு, தலைமறைவு, மீண்டும் காடு என்று சுழன்றது அவர்கள் வாழ்வு. 1990-களின் பிற்பகுதியில், உலக வங்கி உதவியுடன் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, வனத்துறையினர் அவர்களைத் துரத்துவதை விட்டுப் பேச அழைத்தனர். 1998-இல் 23 பேர் பழைய தொழிலைக் கைவிட்டுக் காவலுக்கு இசைந்தனர். அவர்கள் மீதிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்வதில் வரும் வருவாய் அவர்களுக்கு ஊதியமாயிற்று. எந்தத் தடத்தில் திருடன் வருவான், எங்கே பதுங்குவான் என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் பெண்கள். 2002-இல் 'வசந்த சேனா' என்ற பெயரில் திரண்ட அவர்கள், முறைவைத்துச் சிறு குழுக்களாகக் காட்டைச் சுற்றிவந்தனர். சந்தன மரங்களைக் காப்பது அவர்கள் பணிகளுள் ஒன்று. இதற்கு அவர்கள் ஊதியம் பெறவில்லை.

காவலுக்கு ஆள் எடுக்கையில் நாம் பெரும்பாலும் நற்சான்றிதழைத்தான் பார்க்கிறோம். அந்த 23 பேரிடம் அது இல்லை. இடத்தை அறிந்த அறிவு இருந்தது. அப்பெண்களிடம் அதிகாரமில்லை, காடு தங்களுடையது என்ற எண்ணம் இருந்தது. இவ்விரண்டையும் சட்டப் புத்தகத்தால் தந்துவிட முடியாது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பட்டை உரித்தவர்கள் மனம் மாறியதோடு அவர்களது அடுப்பும் எரிந்தது. அதனாலேயே மாற்றம் நிலைத்தது. ஊதியமின்றி நடந்த பெண்களைப் போற்றுவோம். அதையே காரணமாக்கி, தன்னார்வலரின் உழைப்பு விலையற்றது என்று கணக்கெழுதும் வழக்கத்தை மட்டும் நாம் ஏற்க இயலாது.