சராசரிக்குள் மறைந்த மூளை

மண்டையோட்டைத் திறக்காமல் மூளையைப் பார்க்கும் முயற்சி, முள்ளந்தண்டின் வழியே காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதில் தொடங்கியது. கடும் தலைவலி தரும் முறை அது. 1971 இல் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் முதல் சி.டி. படம் எடுக்கப்பட்டது. அதிலும் கதிர்வீச்சு உண்டு. கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. வந்த பிறகே நோயில்லாத பிள்ளைகளின் மூளையையும் ஆராய வழி பிறந்தது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, துணியால் சுற்றி, காதை மூடி, உறங்கிய பிறகு இயந்திரத்துக்குள் வைப்பார்கள். தலை சற்று அசைந்தாலும் படம் கலங்கிவிடும்.

ஒருவரிடம் சில நிமிடங்கள் எடுத்த படத்தில் மூளையின் இயக்கம் தெளிவாகத் தெரியாது. ஆகவே பலரின் படங்களைச் சேர்த்துச் சராசரி கண்டார்கள். பொது உண்மைகள் பல அவ்வாறு கிடைத்தன. ஆனால், முகத்தைப் போலவே மூளையின் மடிப்பும் இணைப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சராசரி மூளை எவருடைய மூளையும் அன்று. மனநோய்க்கு மருந்து தேடி வருபவரோ தனியொருவர். 2017 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு பத்துப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் பல இரவுகள் படம் பிடித்துத் தனித்தனி வரைபடம் வெளியிட்டது. துறையின் போக்கை மாற்றிய வேலை இது.

தமிழ் மண்ணில் இதற்கு நெருங்கிய பணி சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்தது. கருவின் நடு மூன்று மாதங்களுக்குரிய மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் முப்பரிமாணப் படத்தொகுப்பை ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் எவரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள். தனிப் பிள்ளையின் எம்.ஆர்.ஐ.யை ஒப்பிட்டுப் படிக்க இத்தகைய அடிப்படை வேண்டும்.

கருவிலேயே பட்ட துயரம் மூளையில் தங்குமா என்ற கேள்வியும் மூளைப் பட ஆய்வோடு சேர்ந்தது. 1998 இல் கனடாவின் கியூபெக்கில் பனிப்புயல் வீசியபோது கருவுற்றிருந்த தாய்மாரின் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பின்தொடரப்பட்டார்கள். பின்னர் அவர்களுக்கு மூளைப் படமும் எடுக்கப்பட்டது.

இலங்கையிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இங்கே அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையில் அன்று வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு இன்று ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வயது. தனியாள் மூளைப் படம் பற்றிய ஆய்வுகளில் இவர்களுக்கும் இடம் வேண்டும்.