உரோமைத் திருப்பயணம்: விமான நிலையத்திலிருந்து பேதுரு பேராலயம் வரை

2022 மே 15 அன்று மறைசாட்சி தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோதும், 2025 யூபிலி ஆண்டிலும் தமிழ்நாட்டிலிருந்து பலர் உரோமைக்குச் சென்றனர். குழுவாகச் செல்வோருக்கு முகவரே பேருந்து ஏற்பாடு செய்துவிடுவார். தனியாகச் செல்வோரையும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது உரோமையையும் தரிசிக்க விரும்பும் பெற்றோரையும் மனதில் கொண்டு இதை எழுதுகிறோம். மணலூர்பேட்டையில் பேருந்து ஏறி, சென்னையில் விமானம் பிடித்து, இடையில் இன்னொரு விமானமும் மாறி இறங்கும்போது உடல் களைத்திருக்கும். ஏமாற்றுவோருக்கு அந்த நேரம்தான் வசதி.

நம்மவர் பெரும்பாலும் இறங்குவது ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில். நகர மையம் அங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. வெளியே வந்ததும் அருகில் வந்து "டாக்சி" என அழைப்பவரோடு போக வேண்டாம். உரிமம் பெற்ற டாக்சி வெள்ளை நிறத்தில், அதற்குரிய வரிசையில் நிற்கும். பழைய நகர மதிலுக்கு உட்பட்ட பகுதிக்கு நிர்ணயக் கட்டணம் உண்டு; 2024இல் அது 55 யூரோ ஆனது. இது வண்டிக்கு, ஆளுக்கல்ல. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் இரயிலில் ஒருவருக்கு 14 யூரோ. எனவே நான்கு பேர் சேர்ந்தால் டாக்சியே ஒரு யூரோ குறைவு!

அந்த எக்ஸ்பிரஸ் எங்கும் நில்லாமல் 32 நிமிடத்தில் தெர்மினி நிலையம் சேரும். தெர்மினி அருகே தங்குவோருக்கு அது நல்லது. ஆனால் வத்திக்கான் அருகே தங்குவோர் அங்கே போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். அவர்கள் 8 யூரோ சாதாரண இரயிலில் திராஸ்தேவெரே நிலையத்தில் இறங்கி, வேறு இரயில் மாறி, சான் பியேத்ரோ நிலையம் போகலாம். அங்கிருந்து பேராலயம் கால் மணி நேர நடைக்குள்தான். பெட்டியுடன் நடைமேடை மாற வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாம் இதைச் சொல்லமாட்டோம்.

நகருக்குள் 1.50 யூரோ பயணச்சீட்டு 100 நிமிடம் செல்லும். பேருந்து மாறலாம், மெட்ரோவில் ஒரு முறைதான். ஓட்டுநரிடம் சீட்டு கேட்காதீர்கள். புகையிலைக் கடைகளில் (வெளியே பெரிய 'டி' எழுத்துப் பலகை இருக்கும்) முன்னரே வாங்கி, பேருந்தில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான்.

மெட்ரோ 'ஏ' தடத்தில் ஒத்தாவியானோ நிலையம் பேதுரு பேராலயத்திற்கு. அதே தடத்தில் சான் ஜோவான்னி, இலாத்தரன் பேராலயத்திற்கு. 'பி' தடத்தில் பசிலிக்கா சான் பவோலோ, புனித பவுல் பேராலயத்திற்கு. திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் அடக்கம் செய்யப்பட்ட மரியன்னைப் பெருங்கோவிலுக்குத் தெர்மினியிலிருந்து நடந்தே போகலாம்.

தெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64ஆம் எண் பேருந்து திருப்பயணிகளுக்கும் பிக்பாக்கெட்காரர்களுக்கும் ஒருசேரப் பிரியமானது. கடவுச்சீட்டை நம் பாட்டிமார் சுருக்குப்பையை இடுப்பில் செருகியது போல ஆடைக்குள் வையுங்கள். அதன் நகல் ஒன்று வேறு பையில் இருக்கட்டும்.

இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் வண்டிகள் ஓடும், நடுவில் நிச்சயமில்லை. ஊர் திரும்பும் நாள் வெள்ளி என்றால், தங்குமிடத்தில் முந்தின நாளே விசாரித்துவிட்டு, டாக்சிக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.