போர்டோ மதுவும் நீல மருந்தும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் உழவர்கள் போர்டோ கலவை என்னும் மருந்தை நன்கு அறிவர். அம்மருந்துக்குப் பெயர் தந்த போர்டோ, பிரான்சு நாட்டின் தென்மேற்கில் உள்ள ஒரு துறைமுக நகரம். அந்நகரின் புகழோ செந்நிறத் திராட்சை மதுவால் வந்தது. மதுவின் ஊர் மருந்தின் பெயரானது எவ்வாறு?

கரோன், தோர்தோன் என்ற ஆறுகள் இரண்டும் கூடி, ஜிரோந்த் என்னும் அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக் கடலில் கலக்கின்றன. கழிமுகத்தின் இடக்கரையில் உள்ளது மெதோக் வட்டாரம். அங்கே நிலமெங்கும் கூழாங்கல். தானியத்துக்கு உதவாத மண். ஆனால் கொடிக்கு அதுவே ஏற்றது. மழைநீர் தேங்காது வடிந்துவிடும்; பகலில் ஏற்ற வெப்பத்தைக் கற்கள் இரவில் திருப்பித் தரும். மேற்கே பைன் காடுகள் கடற்காற்றைத் தடுக்கின்றன. 1152-இல் இப்பகுதியின் கோமகள் எலினோர், பின்னர் இங்கிலாந்தின் அரசனான ஹென்றியை மணந்தாள். அதனால் 1453 வரை போர்டோ ஆங்கில மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. மதுவும் கப்பல் கப்பலாக இலண்டனுக்குச் சென்றது.

இம்மதுவில் துவர்ப்பு மிகுதி. பழத்தின் தோலும் விதையும் சாற்றோடு ஊறுவதால் வருவது அது. கொழுப்புள்ள இறைச்சியோடு சேரும்போது அத்துவர்ப்பு நாவில் தணிகிறது. ஆகவே அவ்வூரார் போயாக்கின் இளம் ஆட்டிறைச்சியோடு இதனை அருந்துவர். கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளையே விறகாக்கி, அத்தணலில் மாட்டிறைச்சியைச் சுடுவதும் உண்டு. விலாங்கு போன்ற லாம்ப்ரே என்னும் உயிரியை இம்மதுவிலேயே வேகவைக்கின்றனர். கொடியின் குச்சி முதல் சாறு வரை எதுவும் வீணாவதில்லை!

இத்தகைய பயிருக்கு 1860-களில் கேடு வந்தது. தென்பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டன. 1868-இல் தாவரவியல் அறிஞர் பிளான்ஷோன் முதலியோர் வேர்களைத் தோண்டிப் பார்த்து, பிலாக்ஸிரா என்னும் நுண்ணிய பூச்சியைக் கண்டனர். அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு அது வந்திருந்தது. அரசாங்கம் 3 இலட்சம் பிராங்கு பரிசு அறிவித்தது. அப்பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. தோட்டத்தை நீரில் மூழ்கடித்தனர். வேரில் நச்சுமருந்து செலுத்தினர். நிலைத்த பயன் தந்தது ஒன்றுதான்: பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுதல். எதிரி வந்த வழியிலேயே துணையும் வந்தது எனலாம். ஆனால் அமெரிக்கக் கொடிகளோடு வேறொரு விருந்தாளியும் வந்துவிட்டது. 1878-இல் பிரான்சில் காணப்பட்ட அடிச்சாம்பல் நோய், இலைகளை உதிர்த்துக் காய்களைப் பழுக்கவிடாது செய்தது.

1882-ஆம் ஆண்டு, போர்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மிலார்தே, மெதோக்கின் சேன் ஜுலியன் என்னும் ஊர் வழியே சென்றார். எங்கும் இலையுதிர்ந்த கொடிகள். பாதையோரத்துக் கொடிகள் மட்டும் பசுமையாக நின்றன. விசாரித்தார். வழிப்போக்கர் பழங்களைப் பறிக்காதிருக்க, நஞ்சு தெளித்ததுபோல் தோன்றும்படி மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்களாம்! திருடனை அஞ்சிச் செய்த சூழ்ச்சி நோயை விரட்டிவிட்டது. பாதையில் சென்றோர் பலர் அக்கொடிகளைக் கண்டிருப்பர். ஏன் என்று கேட்டவர் அவர். வேதியியல் அறிஞர் கையோனின் துணையோடு ஆராய்ந்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார்.

அக்கலவை பின்னர் உலகெங்கும் பரவிற்று. செய்முறை எளிது. 1 கிலோ மயில்துத்தத்தையும் 1 கிலோ நீற்றாத சுண்ணாம்பையும் தனித்தனியே நீரில் கரைத்து, 100 லிட்டராகக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்தபின் துலக்கிய கத்தியொன்றைச் சிறிது நேரம் அதில் நனைத்துப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு படிந்தால், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.