செங்கல்பட்டு ஊசியும் சைட்டேஷன் கணக்கும்

ஒரு விஞ்ஞானி பெரிய ஆளா, சாதாரண ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்றைக்கு இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை வேறு எத்தனை கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டால் போதும். இதைத்தான் சைட்டேஷன் என்கிறார்கள். பேராசிரியர் வேலை, பதவி உயர்வு, ஆய்வுக்கான பணம் என்று பலவற்றுக்கும் இந்த எண்ணைப் பார்க்கிறார்கள்.

என்னைப் போல பி.காம். படிக்கிறவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. பேரேட்டில் ஒருவர் கணக்கில் வரவு வைக்கிற மாதிரிதான். ஆனால் எந்தப் பேரேட்டிலும் ஏறுகிற விஷயமும் உண்டு, ஏறாத விஷயமும் உண்டு. அதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு வந்து, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போனால் வழியில் செங்கல்பட்டு வரும். அதன் அருகே திருமணியில் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1930களின் நடுவில் அதற்குப் பொறுப்பாக வந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். பிற்பாடு வேலூர் சி.எம்.சி.யின் முதல்வராகவும் இருந்தார்.

அந்தக் காலத்தில் தொழுநோய்க்குக் கொடுத்து வந்தது நீரடிமுத்து எண்ணெய். ஊசியாகப் போட்டால் பயங்கர வலி, பலனோ கொஞ்சம்தான். 1941ல் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் டாக்டர் கை ஃபேஜெட் 'ப்ரோமின்' என்ற சல்ஃபோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அதை நரம்பு ஊசியாகத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகள் இருக்கிற நம் ஊருக்கு அது கட்டுப்படியாகுமா?

ப்ரோமினுக்கு மூலப்பொருள் டாப்சோன். ஜெர்மனியில் 1908லேயே தயாரித்துவிட்டார்கள், மருந்தாக அல்ல. மனிதர்களுக்குக் கொடுத்தால் விஷமாகிவிடும் என்று பயந்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். மாட்டுக்கு வரும் மடிநோய்க்கு மட்டும் அது பயன்பட்டது. 1946ல் காக்ரேன் துணிந்து அதைக் கடலை எண்ணெயில் கலந்து செங்கல்பட்டு நோயாளிகளுக்கு ஊசியாகப் போட ஆரம்பித்தார். ஆமாம், நம்ம கடலை எண்ணெய்தான்! அளவாகக் கொடுத்தால் டாப்சோனைத் தாங்க முடியும், நோயும் குறையும் என்று தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நைஜீரியாவின் உசுவாக்கோலியில் டாக்டர் ஜான் லோவ் (இவரும் முன்பு இந்தியாவில் வேலை பார்த்தவர்தான்) அதையே வாய்வழி மாத்திரையாகக் கொடுத்து, குறைந்த அளவே போதும் என்று காட்டினார். விலை மலிவான ஒரு மாத்திரை கிடைத்துவிட்டது.

செங்கல்பட்டு வேலை 1949ல் 'லெப்ரசி ரிவியூ' இதழில் அச்சானது. சல்ஃபோன் மருந்துகளில் இரண்டரை வருடம் செய்த சோதனைகளைப் பற்றிய மிக நீளமான கட்டுரை அது. எழுதியவர்கள் நான்கு பேர்: காக்ரேன், ராமானுஜம், பால், ரஸ்ஸல்.

இனி அந்தப் பேரேட்டுக்கு வருவோம். சைட்டேஷனை முறையாக எண்ணத் தொடங்கியவர் அமெரிக்காவின் யூஜீன் கார்ஃபீல்ட். அந்நாட்டு வக்கீல்களிடம் ஏற்கெனவே ஒரு புத்தகம் இருந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக் காட்டின என்று சொல்லும் பட்டியல் அது, 1873ல் ஃபிராங்க் ஷெப்பர்ட் தொடங்கியது. (தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் கண்டதும் அதே 1873ல்தான்.) இதையே அறிவியலுக்கும் செய்யலாமே என்று கார்ஃபீல்ட் 1955ல் எழுதினார். 1960களின் தொடக்கத்தில் அவருடைய 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வெளிவந்தது. முதல் தொகுப்பு 1961ம் வருட இதழ்களுக்கானது, மொத்தம் 613 இதழ்கள்.

செங்கல்பட்டு வேலை சூடாகப் பேசப்பட்ட 1940களும் 50களும் அந்த முதல் தொகுப்புக்கு முந்தைய காலம். இது முதல் ஓட்டை. இரண்டாவது ஓட்டைதான் எனக்கு உறுத்துகிறது. மேற்கோள் காட்டப்படும் கட்டுரையை அந்தப் பட்டியலில் முதல் ஆசிரியர் பெயரில் மட்டுமே போட்டார்கள். 1949 கட்டுரையை யார் எடுத்துக் காட்டினாலும் வரவு காக்ரேன் கணக்கில்தான். ராமானுஜத்தின் பக்கத்தில் பூஜ்யம். (கணித மேதை அல்ல, இவர் டாக்டர் கே. ராமானுஜம்.) கட்டுரைகளுக்குள்ளும் 'காக்ரேன் மற்றும் பிறர்' என்றுதான் எழுதுவார்கள். அந்தப் 'பிறர்' ராமானுஜம் பின்னாளில் செங்கல்பட்டிலேயே மத்திய தொழுநோய் நிறுவனத்தில் வேலை செய்து, தொடர்ந்து ஆய்வுகள் எழுதியவர்.

மூன்றாவது ஓட்டை விசித்திரமானது. ஒரு கண்டுபிடிப்பு ரொம்ப வெற்றி பெற்றால் அதை மேற்கோள் காட்டுவதையே நிறுத்திவிடுவார்கள்! எல்லோருக்கும் தெரிந்ததற்கு யார் ஆதாரம் கொடுப்பார்கள்? சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றி எழுதினார், கார்ஃபீல்டும் ஒத்துக்கொண்டார். டாப்சோன் கதையும் இதேதான். 1955ல் பெல்ஜியத்திலிருந்து டாக்டர் ஹெமரிக்ஸும் டாக்டர் கிளேர் வெல்லுட்டும் மதுராந்தகம் பக்கம் போளம்பாக்கத்துக்கு வந்தார்கள். நோயாளிகளை அடைத்து வைக்காமல், ஊர் ஊராகப் போய் மரத்தடியில் உட்கார்ந்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வாங்க வரிசையில் நின்றவருக்கு 1949 கட்டுரை எதற்கு?

டாப்சோனோடு கதை முடியவும் இல்லை. தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்று 1964ல் மலேசியாவில் நிரூபித்தார்கள். 1981ல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. பெரியவர்களுக்கு தினமும் 100 மில்லிகிராம் டாப்சோன் இன்றும் அதில் இருக்கிறது.

2005ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் 'எச் இண்டெக்ஸ்' என்று ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். பத்து கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோளானால் உங்கள் எண் 10. இப்போதைய தரவுத்தளங்கள் இணை ஆசிரியர்களுக்கும் வரவு வைக்கின்றன, அது நல்ல திருத்தம். ஆனாலும் ஒரு தோல் மருத்துவரின் எண் 8 என்றோ 40 என்றோ பார்த்தவுடன் ஆளை எடை போட்டுவிட வேண்டாம். அந்த எண், மற்ற ஆய்வாளர்கள் அவரை எவ்வளவு படித்தார்கள் என்று சொல்லும். எத்தனை பேருக்குக் குணமானது என்று சொல்லாது.

இன்னொரு தரப்பு எந்தத் திருத்தத்திலும் வரப்போவதில்லை. மாட்டு மருந்தாக இருந்ததை 1946ல் முதலில் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொண்ட திருமணி நோயாளிகள். அன்று அவர்கள் மறுத்திருந்தால் 1949ல் எழுதுவதற்கு எதுவும் இருந்திருக்காது.