தேறல்: முதிர்வும் பருகற் பருவமும்

தேறல் என்னும் சொல்லுக்குக் கள் என்று பொருள் எழுதி அமைவார் பலர். அது போதாது என்பதே எம் கருத்து. தேறுதலாவது தெளிதல். உரையாசிரியர்களும் தேறலைக் கள்ளின் தெளிவு என்றே விளக்கினர். தெளிவதற்குக் காலம் வேண்டும். ஆகவே கள் என்பது பொருளின் பெயர். தேறல் அப்பொருள் எய்திய பருவத்தின் பெயர் எனக் கொள்ளல் தகும்.

இதற்குச் சான்றுகள் பல. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், நிலத்திற் புதைத்து முதிரவைத்த மதுவைக் குறிக்கின்றார் (புறம். 120). மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலைக் கூறும். முன்னதில் மண்ணின் குளிர்ச்சியும் பின்னதில் மூங்கிலின் செறிவும் முதிர்ச்சிக்குத் துணையாயின போலும். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையாரோ, நாள்பட்ட தேறலின் கடுப்புக்குத் தேளின் கடுப்பை உவமை கூறுவர் (புறம். 392). நாள் ஏற ஏறக் கடுப்பும் ஏறும் என்பதைப் பருகியறிந்தார் கூற்று இது. நாவே ஈண்டு அளவுகோல்.

இனி, யவனர் தேறலைக் காண்போம். நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொணர்ந்த மதுவையும் தேறல் என்றே சுட்டினர் (புறம். 56). அது வந்த கலத்தைக் குப்பி என்றார் பழைய உரைகாரர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அவ்வுரையுடன் 1894இல் பதிப்பித்தார். அவர் தேடித் தொகுத்த ஏடுகள் இன்று சென்னைப் பெசன்ட் நகரில் அவர் பெயரால் விளங்கும் நூல்நிலையத்தில் உள்ளன. குப்பி என்பது உரைகாரர் தம் காலத்து வழக்கை ஒட்டிக் கூறியது போலும். 1945இல் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்தவை, இரு காதுகளும் கூம்பிய அடியும் உடைய மட்சாடிகளின் உடைசல்கள். அவற்றுள் பெரும்பகுதி கிரேக்கக் கோஸ் தீவின் சாடிவடிவினவும், அவ்வடிவைப் பின்பற்றி இத்தாலியில் வனையப்பட்டனவும் ஆம்.

கோஸ் தீவின் மது கடல்நீர் கலந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான உரோமானியர் கேட்டோ தம் வேளாண்மை நூலில், கடல் அண்மையில் இல்லாதார் உப்பிட்டு அத்தகைய மதுவை ஆக்கும் முறையைக் கூறி, அதனை இரண்டாண்டு வெயிலில் வைத்தெடுத்தால் கோஸ் மதுவுக்குத் தாழாது என்கின்றார். வெயிலிலும் கெடாத இவ்வகை மது நெடுங்கடல் கடந்து வெப்பநாடு புக ஏற்றதாயிருந்தது என்று கருதுவதில் இழுக்கில்லை.

தாலமி குறிக்கும் மலியார்பா நம் மயிலாப்பூரே என்பர். அக்கரையில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமை அமைத்தனர். 1639இல் நிலம் பெற்ற ஆங்கிலேயர் அதன் வடக்கே கோட்டை எடுத்தனர். கம்பெனிக் கப்பல்கள் இடைவழியில் மதீராத் தீவில் மதுப் பீப்பாய்களை ஏற்றி வந்தன. நிலநடுக்கோட்டு வெம்மையிலும் அலைக்குலுக்கலிலும் அம்மது கெடாமல் மேலும் நயம் பெற்றது கண்டு வணிகர் வியந்தனர். இந்தியா சென்று மீண்ட பீப்பாய்க்கு ஐரோப்பாவில் விலை மிகுந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீவினர் கடற்பயணத்தை ஒழித்து, சூடேற்றிய அறைகளிலேயே முதிர்விக்கத் தொடங்கினர். கேட்டோவின் வெயில் இங்ஙனம் மீண்டும் உதவியது.

பிரான்சின் பொர்தோச் செம்மதுவின் இயல்பு வேறு. அது 12, 13 பாகை வெப்பமுள்ள நிலவறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஊதா நிறம் செங்கல் நிறமாகி, துவர்ப்புத் தணிந்து, அடியில் வண்டல் படியும். பருகுவோர் புட்டியை நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் தெளிவை மட்டும் வடித்துக் கொள்வர். தேறல் என்னும் சொல்லுக்கு இதனினும் நல்ல உரை யாம் கண்டிலம். பருவம் கடந்தால் பழமணம் நீங்கிப் புளிப்பே எஞ்சும். நிலவறையில்லாத சென்னை வெயிலில் அப்பருவம் விரைந்து வந்து விரைந்து கழியும். அடையாற்றங்கரைத் தோட்ட வீட்டார்க்கு, காத்திருக்கவல்லது மதீராவே. செம்மதுவைக் கப்பல் வந்த அண்மையிலேயே பருகுதல் நன்று.

நக்கீரர் பாட்டில் ஒரு சொல் நோக்கத்தக்கது. மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர மன்னன் அத்தேறலை நாளும் மகிழ்ந்து பருக வேண்டும் என்கின்றார் புலவர். சேமித்து வைத்து நாள் எண்ணும் பேச்சு ஆண்டில்லை. முதிர்ந்து தெளிந்தே வந்த பொருளாதலின், பாண்டியனுக்குக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை என்க.