அம்மன் காசும் அரசாங்கச் சட்டமும்

ஜூஜுவாடிச் சாவடியைக் கடந்து அத்திப்பள்ளிக்குச் செல்பவனுக்கு இன்று மாநிலமும் கடைப்பலகையின் எழுத்தும் மாறுகின்றனவேயன்றி மடியிலிருக்கும் ரூபாய் மாறுவதில்லை. ஆனால் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாகி, ஓசூர் 1799 வரை திப்புவின் ஆட்சியிலேயே நின்ற காலத்தில், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து மேட்டு நிலத்துக்குப் பொதியேற்றிய வணிகர் நட்சத்திர வராகனையும் கண்டீரவப் பணத்தையும் சராப்பிடம் காட்டி, வட்டம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் கும்பினியின் ராஜ்யம் முழுவதற்கும் ஒரே ரூபாயை விதித்து இந்த உபத்திரவத்தைக் குறைத்தது. அது பெரிய நன்மையே.

எனினும், சாம்ராஜ்யத்தின் நாணயம் எட்டாத சிறு தேவைகள் ஜனங்களுக்கு இருந்தன என்பதற்குப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசைவிடச் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை. ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள் அம்மன், மறுபுறம் தெலுங்கு லிபியில் ‘விஜய’ என்ற சொல். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாத செப்புக்காசு. நவராத்திரியில் அரிசியோடு தானமாக வழங்கப்பட்ட அக்காசு, சந்தையில் ஓரணாவுக்கு 20, ரூபாய்க்கு 320 என்று செல்லுபடியாயிற்று. ஆங்கில அரசின் மிகச் சிறிய நாணயமாகிய தம்பிடியோ ரூபாய்க்கு 192 தான்! தம்பிடிக்கும் குறைந்த விலையுள்ள பண்டத்தை வாங்க, ஏழைக்கு அம்மன்தான் துணை நின்றாள். புதுக்கோட்டை மன்னர்களான தொண்டைமான்களின் எல்லைக்குள் ஆங்கில ரூபாயும் அம்மன் காசும் ஒருசேரப் புழங்கின. எல்லை தாண்டினால் அது வெறும் செம்பு.

சொந்தக் காசு வெளியிடச் சுதேச மன்னருக்கு இருந்த இந்த உரிமை குடிமக்களுக்குக் கிட்டவில்லை. பணமாக வழங்குவதற்கு உலோக வில்லைகள் செய்வதைப் பிரிட்டிஷ் இந்தியாவில் 1889-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. கேட்டவுடன் கொண்டுவந்தவருக்குப் பணம் தரும் சீட்டைத் தனியார் வெளியிடுவதை 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டம் தடுத்தது. கூலியை நாணயமாகவோ நோட்டாகவோதான் கொடுக்க வேண்டுமென்று 1936-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இவற்றுள் கடைசிச் சட்டத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். முதலாளி அச்சிட்ட வில்லை முதலாளியின் கடையிலேயே செல்லுமானால், உழைத்தவனுக்குக் கிடைப்பது கூலியன்று, கட்டு. ஓசூர்த் தொழிற்சாலைக் கேண்டீனில் சாப்பாட்டுக்கு நீட்டும் டோக்கன் அத்தகையதன்று. அது சம்பளத்தின் இடத்தைப் பிடிப்பதில்லை. ஊரார் தங்களுக்குள் சம்மதித்துப் புழங்கும் சிறு காசையும் கூலிவில்லையையும் சட்டம் ஒரே தட்டில் நிறுத்தியதுதான் எனக்கு உடன்பாடில்லை.

1948 மார்ச் 3-இல் புதுக்கோட்டை இந்திய யூனியனோடு இணைந்தது. அம்மன் காசுக்குப் பின்னின்ற அரசு மறைந்தது. 1889-ஆம் ஆண்டுச் சட்டமோ 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் வரும்வரை நிலைத்திருந்தது.