கவறு முதல் கணினி வரை

பகடையின் வரலாறு, நடுநிலையான வாய்ப்பை நாடிய மனிதனின் வரலாறே ஆகும். கீழடி அகழாய்வில் தந்தத்தாலும் சுடுமண்ணாலும் ஆன பகடைகள் கிடைத்துள்ளன. கவற்றைக் கருவியாகக் கொண்ட சூதினை வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் கடிந்தார். எனினும், பொருள் வைத்து ஆடாத தாயம் தமிழர் இல்லங்களில் பொழுதுபோக்காகவே நிலைத்தது.

தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களிலும் வெறுமை, ஒரு புள்ளி, இரு புள்ளி, மூன்று புள்ளி என அமைந்திருக்கும். இரண்டையும் உருட்டினால் 16 வகையாக விழக்கூடும். அவற்றுள் மூன்று விழும் வகை நான்கு. இரண்டும் நான்கும் விழும் வகை மும்மூன்று. தாயமும் ஐந்தும் இரண்டிரண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொன்றே. பன்னிரண்டின் மதிப்பு அதன் அருமையில் உள்ளது.

இத்தகைய எண்ணிக்கையை 1654ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் பாஸ்கலும் பெர்மாவும் மடல்வழி ஆராய்ந்து, நிகழ்தகவு இயலுக்கு அடித்தளமிட்டனர். 1974இல் அமெரிக்காவில் தோன்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு, 20 முகப் பகடையையும் கையாண்டது. இன்று அப்பகடைகளைக் கணினியே உருட்டுகிறது.

தாயக்கட்டையையும் கணினியில் உருட்டப் புகுவோர், ஏழு எண்களுக்கும் சம வாய்ப்பளித்தால் ஆட்டம் பிழைபடும். 16இல் ஒருமுறை விழவேண்டிய பன்னிரண்டு, ஏழில் ஒருமுறை விழுந்துவிடும். இரு கட்டைகளையும் தனித்தனியே உருட்டிப் புள்ளிகளைக் கூட்டுவதும், இரண்டும் வெறுமையாயின் பன்னிரண்டெனக் கொள்வதுமே செப்பமான முறை.

கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங் மாணவர் அப்பதினாறு வகைகளையும் ஏட்டில் எழுதிப் பார்ப்பாராயின், முன்னோர் கட்டையிலேயே கணிதம் உறைந்திருப்பதை உணர்வார். கருவி மாறலாம், நடுநிலை மாறலாகாது.